வெறுந்தண்ணீர் வரிசை

என் மைத்துனன் எலிகளுக்குப் பரிமாறப் போன கதையைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. நம்பாதவர்களை நான் வற்புறுத்துவதும் இல்லை. அவர்களுக்கும் ரத்த அழுத்தம் இருக்கும், பாவம். நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

செடிகொடிகளிலிருந்து எடுக்கும் மருந்துகளால் ஆபத்து உண்டா இல்லையா என்று விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் நிறுவனம் ஒன்று எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. நான்கு மாடிக் கட்டடம். ஒரு மாடியில் ஆய்வு நடக்கும். மற்ற மூன்றில் ஆய்வைப் பற்றிய கூட்டங்கள் நடக்கும். மைத்துனன் அந்த நிறுவனத்தின் கேன்டீனில் பரிமாறிக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. பந்தி வஞ்சனை செய்ய மாட்டான். இயக்குநர் உட்கார்ந்தாலும் சரி, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் உட்கார்ந்தாலும் சரி, அவன் கரண்டி ஒரே அளவுதான் சாயும். ஒருநாள் இயக்குநர் இன்னொரு கரண்டி கேட்டார். வைத்தான். வைத்த கையோடு அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இன்னொரு கரண்டி வைத்தான். வேண்டாம் என்று தட்டை மூடியவர்களின் கைமேலும் வைத்தான். சமையல்காரர் அன்று பட்டினி.

அந்தக் கேன்டீனுக்கு மூடுவிழா வந்தது ஒரு ஆண்டுவிழாவில். 'நம் சோதனைக்கு நாமே முன்மாதிரி' என்று இயக்குநருக்கு ஒரு வேகம் பிறந்து, கேன்டீன் சாப்பாட்டையே எலிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். எலிகள் முகர்ந்து பார்த்தன. பிறகு கூண்டின் அந்தக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. சாப்பாடு பாதுகாப்பற்றது என்று அன்றே கேன்டீனைப் பூட்டினார்கள். அதே சாப்பாட்டைப் பல வருஷம் சாப்பிட்டு வந்த ஊழியர்களின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் ஆய்வு நடத்த யாரும் அனுமதி வாங்கியிருக்கவில்லை.

மைத்துனனை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ இங்க என்ன வேலை பாத்தே?"

"பரிமாறினேன் சார்."

"இனிமேலும் அதே வேலைதான். சாப்பிடறவங்க மட்டும் மாறுறாங்க. குறை சொல்ல மாட்டாங்க, கையலம்ப இடம் கேக்க மாட்டாங்க. இது உனக்குப் பதவி உயர்வு."

இப்படியாக அவன் விலங்குக்கூடத்துக்குப் போனான்.

அப்போது சோதனைக்கு வந்திருந்தது ஒரு வேலிக்கொடி. நிறுவனத்தின் பின்பக்க மதில்சுவர் மேலேயே அடர்ந்து படர்ந்து கிடந்தது. அதன் இலைச்சாறு மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ எங்கேயோ கண்டுபிடித்து, ஆபத்தில்லை என்று நிரூபித்துத் தரும்படி இங்கே அனுப்பியிருந்தார்கள். அந்தத் தெரு ஆடுகள் எனக்குத் தெரிந்த காலம் முதல் மதில்மேல் முன்னங்காலைப் போட்டு அந்தக் கொடியைத்தான் தின்கின்றன. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருக்கும். மைத்துனன் வெள்ளந்தியாக இதை இயக்குநரிடம் சொல்லியும் பார்த்தான்.

"ஆடுங்க தினம் திங்குதுங்க சார். ஒண்ணும் ஆகலையே."

"யார் அனுமதியோட தின்னுது?"

"அனுமதின்னு..."

"அனுமதி இல்லாம தின்ன ஆட்டோட ஆரோக்கியம் ஆதாரம் ஆகாது" என்றார் இயக்குநர். அன்று முதல் ஆடுகளை விரட்ட மதிலோரம் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள்.

விலங்குக்கூடத்தில் இரண்டு வரிசைக் கூண்டுகள். எப்படி ஊற்ற வேண்டும் என்று புள்ளிவிவரக்காரர் விளக்கினார். நல்ல மனிதர். எலி வாடை அவருக்கு ஆகாது. ஆகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றே எதையும் விளக்குவார்.

"இந்த வரிசைக்குச் சாறு கலந்த தண்ணி. எதிர் வரிசைக்கு வெறும் தண்ணி. கடைசியில ரெண்டு வரிசையையும் ஒப்பிட்டுப் பாப்போம்."

"அவங்களுக்கு ஏன் சார் கிடையாது?"

"எவங்களுக்கு?"

"எதிர் வரிசைக்கு."

"அவங்களுக்குக் கிடையாதுங்கறதுதான்யா ஆய்வே."

மைத்துனனுக்கு இது விளங்கவில்லை. வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு, அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு அவன் வேலை பார்த்த இடத்தில் ஆய்வு என்று பெயரில்லை. வேறு பெயர் உண்டு.

இதில் இன்னொரு சங்கடம். கொடியின் சாறு கசக்கும். எலிகள் குடிக்க வேண்டுமே என்று சர்க்கரைப் பாகு சேர்த்திருந்தார்கள். மருந்து வரிசைக்கு அவன் ஊற்ற ஊற்ற, வாசனை கூடம் முழுக்கப் பரவும். வெறுந்தண்ணீர் வரிசை எலிகள் எல்லாம் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரிசையில் ஒரு எலிக்கு வெள்ளை மீசை. அது மட்டும் எதிர்க் கூண்டின் கிண்ணத்தை ஒருமுறை பார்க்கும். தன் கிண்ணத்தை ஒருமுறை பார்க்கும். பிறகு மைத்துனன் முகத்தைப் பார்க்கும்.

அவனுக்குப் பகீரென்றது. அந்தப் பார்வையை அவன் தன் வீட்டில் தினமும் இரண்டு வேளை சந்திக்கிறவன். ஒரே மகள் என்பதால் அவன் மாமனார் அவர்களோடுதான் இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய், கைத்தடியும் நாற்காலியுமாகக் காலம் தள்ளுகிறவர். நாற்காலியிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் முதலில் மாப்பிள்ளை தட்டைப் பார்ப்பார், அடுத்துத் தன் தட்டைப் பார்ப்பார், அதன்பிறகு மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை.

ஆய்வு விலங்குக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. "பேர் வெச்சா பாசம் வரும், பாசம் வந்தா புள்ளிவிவரம் கெட்டுப்போகும்" என்று புள்ளிவிவரக்காரர் எச்சரித்திருந்தார். ஆகவே மைத்துனன் மனசுக்குள்தான் வைத்தான். மாமனார்.

சில நாள் பொறுத்துப் பார்த்தான். அதற்குமேல் முடியவில்லை. ஒரு நாள் சாற்றுத் தண்ணீரையும் வெறுந்தண்ணீரையும் ஒரே வாளியில் ஊற்றினான், நன்றாகக் கலக்கினான், இரண்டு வரிசைக்கும் ஒரே அளவாகப் பரிமாறினான். மறுநாளும் அப்படியே. இதை அவன் மறைத்துச் செய்யவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வாளி தெரிந்தது, கிண்ணங்கள் தெரிந்தன, ஒழுங்காக வேலை பார்க்கும் ஓர் ஆள் தெரிந்தான்.

எலிகள் கொழுத்தன. ரோமத்தில் பளபளப்பு ஏறியது. எந்த எலிக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. இயக்குநருக்குத் தூக்கம் போயிற்று.

கூட்டம் போட்டார். டீ கொடுக்க ஆளில்லாததால் மைத்துனனையே நிற்க வைத்திருந்தார்கள். அதனால்தான் இந்தப் பேச்சுகள் எல்லாம் எனக்குக் கிடைத்தன.

"ஒரு மருந்து ஆபத்தில்லாததுன்னு நாம நிரூபிக்கணும்" என்றார் இயக்குநர். "அதுக்கு எந்த அளவுக்குமேல போனா ஆபத்துன்னு முதல்ல காட்டணும். இந்த மருந்து என்ன குடுத்தாலும் ஆபத்து பண்ணமாட்டேங்குது. இப்படி ஒத்துழைக்காத மருந்தை நான் எப்படிப் பாதுகாப்பானதுன்னு சொல்றது? நாளைக்கே வெளிய இருந்து ஒருத்தர் வந்து, 'ஒரு எலிக்குக்கூட தலை சுத்தலையா, அப்ப நீங்க என்னத்தைப் பாத்தீங்க'ன்னு கேட்டா என் முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?"

சாற்றை இரண்டு மடங்காக்கினார்கள். பிறகு நாலு மடங்கு. மதிலில் இலை தீர்ந்து வெறும் தண்டு நின்றது. காவலாளி, வராத ஆடுகளை விரட்டக் கம்போடு நின்றார். வாளியில் தண்ணீரைவிடச் சாறு அதிகமாயிற்று. எலிகள் இன்னும் கொஞ்சம் கொழுத்தன. ஒன்றிரண்டு, சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்துக் காலாட்டின. அதையாவது வலிப்பு என்று எழுதலாமா என்று இயக்குநர் கேட்டார். பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கும் வலிப்பு மருத்துவத்தில் இல்லை என்று புள்ளிவிவரக்காரர் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் விலங்கு நலக் குழுவின் தலைவி வந்து சேர்ந்தார். எலிகளின் சௌகரியத்துக்கு அவர் பொறுப்பு. வந்த அன்றே கூண்டுகளுக்குத் திரைச்சீலை போட்டார். எந்த நிறம் வேண்டும் என்பதை எலிகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று மாதிரித் துணிகளை உள்ளே வைத்தார். எலிகள் மாதிரிகளைக் கடித்துத் தின்றுவிட்டதால், எல்லா நிறமும் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார். சாயங்காலம் மெல்லிய இசை. ஏறி விளையாட ஏணி. மைத்துனனின் செருப்புச் சத்தம் எலிகளுக்கு மன உளைச்சல் தரும் என்று அவனுக்குப் பஞ்சு வைத்த செருப்பு.

"நம்ம எலிங்க கடைசி நிமிஷம் வரைக்கும் சந்தோஷமா இருக்கணும்" என்றார் தலைவி, கண் கலங்க. "அந்தக் கடைசி நிமிஷம் எதுன்னு நாமதான் குறிச்சிருக்கோம். அதனால நம்ம பொறுப்பு ரொம்ப அதிகம்."

"கடைசி நிமிஷமா?" என்றான் மைத்துனன்.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நேராக இயக்குநரிடம் ஓடினான், பஞ்சுச் செருப்போடு.

"சார், எலிய எல்லாம் அறுக்கப் போறாங்களாமே!"

"ஆமா. மாசக் கடைசியில."

"எதுக்கு சார்?"

"நல்லா இருக்கான்னு பாக்க."

"நல்லாத்தானே சார் இருக்கு? பாத்தாலே தெரியுதே."

"வெளிய நல்லா இருக்கு. உள்ள?"

"உள்ள நல்லா இல்லன்னா வெளிய எப்படி சார்..."

"அதத்தான் அறுத்துப் பாக்கப் போறோம். உள்ளயும் நல்லா இருந்துச்சுன்னா, எலி பூரண நலம்னு அறிக்கை குடுத்துருவோம்."

"அப்ப எலி இருக்காதே சார்."

"அறிக்கை இருக்குமே" என்றார் இயக்குநர், ஆறுதலாக.

அன்று சாயங்காலம் நான் அவன் வீட்டில் இருந்தேன். தன் தம்பி வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லி என் மனைவி கொடுத்த ஒரு பழைய தையல் இயந்திரத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மைத்துனன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் அவன் தட்டைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். அன்று இருவர் தட்டும் நிறைந்திருந்ததால் அவருக்கும் குழப்பம்.

"என்னங்க, சாப்பிடாம?" என்றாள் அவன் மனைவி.

"மாமனார அறுக்கப் போறாங்க" என்றான்.

நிஜ மாமனார் கையிலிருந்த டம்ளர் மேசைமேல் 'டக்' என்று உட்கார்ந்தது. மைத்துனன் பதறிப்போய், மீசை முதல் பார்வை வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினான். கேட்கக் கேட்க அவன் மனைவியின் மூக்கு சிவந்தது.

"எங்கப்பா என்ன எலியா?"

"இல்ல, அந்த மீசை..."

மாமனார் தன் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "அது நல்லா சாப்பிடுதா மாப்பிள்ளை?"

"நல்லா சாப்பிடறார் மாமா."

"பல்லு?"

"எல்லாம் இருக்கு."

"குடுத்து வெச்சவன்" என்றார் மாமனார். அவருக்கு அந்த வகையில் கொஞ்சம்தான் மிச்சம்.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் மகள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "பேர வெச்சது வெச்சாச்சு. அது இனி எங்கப்பா மாதிரி. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கப்பாவுக்கு ஆன மாதிரி. அப்புறம் ஆயுசுக்கும் உங்க கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சில வீடுகளில் இதை வரம் என்று வாங்கிக்கொள்வார்கள். மைத்துனன் அப்படிப்பட்டவன் இல்லை. அவனுக்கு அவள் பேச்சு வேண்டும். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மாப்ளே, இதுக்குப் போயா கலங்குற? வெளிய இருந்து ஒரு வெள்ளெலி வாங்கி அங்க வெச்சுட்டு, இவரை ஜேபியில போட்டுட்டு வந்துரு" என்றேன்.

"அந்த எலி என்ன அத்தான் பாவம் பண்ணிச்சு?" என்றான்.

சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து மாமனார் தினமும் அவன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்க ஆரம்பித்தார். "இன்னிக்கு நான் எப்படி இருந்தேன் மாப்பிள்ளை?"

"நல்லா இருந்தீங்க மாமா. ஏணி ஏறினீங்க."

"ஏணியா!" என்று அவர் தம் முழங்காலைத் தடவிக்கொள்வார்.

மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எலிகளுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உரிய நாளில் தலைவிக்கு விடுமுறை என்பதால் முன்கூட்டியே வைத்தார்கள். இரங்கலுக்கு உரியவர்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கள் இன்னுயிரை மனிதகுலத்துக்காகத் தாமே முன்வந்து ஈந்த இந்தச் சின்னஞ்சிறு தியாகிகள் இன்று நம்மோடு இல்லை" என்றார் இயக்குநர்.

"இருக்காங்களே சார்" என்றான் பின்வரிசையிலிருந்து மைத்துனன்.

"நடைமுறைப்படி இல்லை. உக்காரு."

ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. எலிகள் மட்டும் அனுசரிக்கவில்லை. அது சாறு ஊற்றும் நேரம்.

மறுநாள் புள்ளிவிவரக்காரர் வியர்வையோடு இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். டீயோடு மைத்துனனும் நுழைந்தான்.

"சார், ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி இருக்கு. எடை, ரத்தம், ரோமம், எல்லாம். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல."

"அப்ப மருந்தால எந்தப் பாதிப்பும் இல்லன்னு எழுது."

"எழுதலாம் சார். ஆனா நம்ம நிறுவனத்துல இதுவரைக்கும் இருந்த எந்த எலியும் இப்படி இருந்ததில்ல. ரெண்டு வரிசையும் அநியாயத்துக்கு நல்லா இருக்கு. மருந்து வேலை செஞ்சிருந்தா ஒரு வரிசை மாறணும். செய்யலன்னா ரெண்டும் மாறக் கூடாது. இப்ப ரெண்டும் மாறியிருக்கு. அப்ப ரெண்டுக்கும் பொதுவா எது போச்சோ, அதுதான் காரணம்."

"பொதுவா என்ன போச்சு?"

"தண்ணி சார்."

இயக்குநர் மெல்ல எழுந்தார். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஓர் ஒளி இருந்தது என்கிறான் மைத்துனன்.

"தண்ணி!" என்றார். "உலகம் பூரா குடிக்கறாங்க. குழந்தைங்களுக்குக் கூசாம குடுக்கறாங்க. யாராவது சோதிச்சுப் பாத்தாங்களா? எந்த முன் அனுமதியும் இல்லாம மனுஷன் தொடக்கத்துல இருந்து குடிச்சிட்டு வர்றான். குடிச்சவங்க எல்லாரும் கடைசியில என்ன ஆனாங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? ஒருத்தர் மிச்சமில்ல!"

அவர் தம் மேசைமேலிருந்த கண்ணாடி டம்ளரை ஒரு விரலால் அப்பால் தள்ளினார்.

அன்று மத்தியானமே குடிநீர்க் குழாய்களுக்கு மேல் எச்சரிக்கை ஒட்டினார்கள். கைகழுவியவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வேலிக்கொடியை யாரும் நினைக்கவே இல்லை. இனி நிறுவனம் தண்ணீரை ஆராயும், அதற்கு இன்னும் நான்கு மாடி கட்டும், அறிவிப்பைக் கேட்கப் பெரிய இடத்து விருந்தினர்கள் வருவார்கள் என்று ஏற்பாடாயிற்று. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது. வெறுந்தண்ணீர் வரிசை எலிகள் தண்ணீருக்கு எதிரான உயிருள்ள சாட்சிகள், அவற்றை ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும். மருந்து வரிசை எலிகளால் இனி உபயோகமில்லை, அவற்றைக் குறித்தபடி மாசக் கடைசியில் அறுத்துவிடலாம்.

மாமனார் பிழைத்தார். வீட்டில் ஒரே கொண்டாட்டம். நிஜ மாமனார் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் என் மனைவிக்கும் அழைப்பு. ஆனால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு உட்கார்ந்த மைத்துனன் மறுபடியும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன?" என்றாள் அவன் மனைவி.

"ரெண்டு வரிசையும் ஒரே வாளியிலதான் குடிச்சுது. ஒரு வரிசைக்கு ஆயுசு, ஒரு வரிசைக்குக் கத்தி. பந்தி வஞ்சனை இல்லையா இது?"

ஒரே வாளி விஷயம் எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எனக்குப் புரை ஏறியது. என் மனைவி தலையில் தட்டினாள், தேவைக்குமேல்.

"மாப்ளே, இதை அங்க போய் உளறி வெக்காதே" என்றேன். "ஆய்வே செல்லாதுன்னு மொத்த எலியையும் அறுத்துருவாங்க. மாமனாரையும் சேத்து. உன்னையும் வெளிய தள்ளிருவாங்க."

"தெரியும் அத்தான்."

"அப்ப வாய மூடிட்டு இரு."

"எங்கப்பா பொழச்சாரே, அது போதும்" என்றாள் அவன் மனைவி. ஆனால் அவள் குரலிலும் முன்பிருந்த காரம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மாமனார் நிமிர்ந்தார். "எதிர் வரிசையில இருக்கறவங்க எப்படி மாப்பிள்ளை? மீசை இருக்கா?"

"சில பேருக்கு இருக்கு மாமா."

"ம்" என்றார் அவர். அவர்களுக்கும் மாப்பிள்ளைகள் இருப்பார்களோ என்று யோசிப்பவர் போலிருந்தது முகம்.

விருந்தினர்கள் வந்த அன்று, கீழே கூடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க, மாடியில் இயக்குநர், தலைவி, புள்ளிவிவரக்காரர் மூவரும் புறப்படத் தயாராக நின்றார்கள். மைத்துனன் பஞ்சுச் செருப்போடு சத்தமில்லாமல் உள்ளே போய் நின்றான்.

"சார், ரெண்டு வரிசைக்கும் நான் ஒரே வாளியிலதான் ஊத்தினேன். சாறும் தண்ணியும் கலந்து. ஆரம்பிச்ச சில நாள்ல இருந்தே."

"அதானே பாத்தேன்!" என்று துள்ளினார் புள்ளிவிவரக்காரர். உடனே இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கல" என்றார்.

இயக்குநர் கதவைச் சாத்தினார்.

"நீ சொல்றது உண்மையா இருந்தா ஆய்வு செல்லாது. எலி அத்தனையையும் அறுத்துட்டு, உன்னை அனுப்பிட்டு, கொடி மறுபடி வளர்ற வரைக்கும் நாங்க சும்மா உக்காந்திருக்கணும். பொய்யா இருந்தா தண்ணி ஆபத்து. கீழ விருந்தாளிங்க வந்தாச்சு. அதனால நீ சொல்றது பொய்."

"உண்மை சார்."

"உண்மையா பொய்யான்னு முடிவு பண்ண நீ யாருப்பா? நீ வெறுமனே செஞ்சவன். முடிவு பண்றதுக்கு விசாரணைக் குழுன்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப விசாரிங்க சார். மருந்து வரிசையை அறுக்காம விசாரிங்க."

இயக்குநர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தலைவி குறுக்கிட்டார். "விசாரணைன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டீங்க சார். இனி ரெண்டு வரிசையும் சாட்சி. விசாரணை முடியறவரைக்கும் சாட்சி மேல கத்தி படக் கூடாது. எங்க குழு விதி அது."

"முடியறவரைக்குமா?"

"முடியறவரைக்கும்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தில் விசாரணை எதுவும் இதுவரை முடிந்ததில்லை. கேன்டீனை மூடியது சரியா என்று விசாரிக்க வைத்த குழு, எந்த அறையில் உட்காருவது என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தது. இயக்குநரின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. விசாரணை நடக்கும்வரை மைத்துனன் சொன்னது உண்மையும் ஆகாது. தண்ணீர் ஆபத்தாகவே இருக்கலாம்.

"அதுவரைக்கும் எலிங்களுக்கு எப்படி சார் ஊத்தறது?" என்றான் மைத்துனன்.

"எதையும் மாத்தக் கூடாது. இதுவரைக்கும் எப்படி ஊத்தினியோ அப்படியே ஊத்து. எப்படி ஊத்தினேங்கறதைக் குழு பின்னால முடிவு பண்ணும்."

எல்லாரும் கீழே போனார்கள். இயக்குநர் தண்ணீரைப் பற்றி மிக நீளமாகப் பேசினார். நடுவில் அவருக்குத் தொண்டை வறண்டு போயிற்று. மேடையில் குடிக்க எதுவும் வைத்திருக்கவில்லை.

மைத்துனன் அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டான். விசாரணைக் குழுவுக்கு உறுப்பினர் தேடுகிறார்கள், எலிகள் ஏணி ஏறுகின்றன, மருந்து வரிசையும் ஏறுகிறது. அவன் மனைவி அவனோடு பேசிக்கொண்டே இருக்கிறாள். சில சமயம் அவனே எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒருநாள் மாமனார் வழக்கமான கேள்வியைக் கேட்காமல் வேறொன்று கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்தச் சாறு எதுக்குன்னு சொன்னீங்க?"

"மூட்டு வலிக்கு மாமா."

"அங்க இருக்கற எனக்கு மூட்டு வலியா?"

"இல்ல மாமா. அவர் ஏணியில..."

"இங்க இருக்கற எனக்கு?"

மைத்துனன் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"ஊரெல்லாம் உங்களைப் பத்திச் சொல்றாங்க, இந்த மனுஷன் கை ஓரவஞ்சனை அறியாதுன்னு" என்றார் மாமனார். "ரெண்டு மாமனார்ல ஒருத்தருக்கு மட்டும் தினம் ஊத்தறீங்க."

"அது இன்னும் பாதுகாப்பானதுன்னு நிரூபிக்கல மாமா."

மாமனார் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார். அதே பார்வை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் முதல் மாமனார் காலையில், மகளையும் மாப்பிள்ளையையும் நாற்காலியிலிருந்து தூக்கிவிடச் சொல்லி, காற்று வாங்கக் கிளம்ப ஆரம்பித்தார். கைத்தடியை ஊன்றி, ஓர் அடிக்கு ஒரு முனகலாக, தெருக்கோடி வரைக்கும் போய்வர மத்தியானம் ஆகிவிடும். நிறுவனத்தின் பின்பக்க மதிலில் கொடி மறுபடியும் தளிர்த்திருந்தது. தண்ணீர் ஆய்வு வந்தபின் அங்கே காவலும் தளர்ந்திருந்தது. ஆடுகள் திரும்பி வந்திருந்தன. ஆடுகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை மீசையும் அசை போட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காலை முனகல் நாளடைவில் குறைந்ததையும், அவர் மத்தியானத்துக்கு வெகுமுன்பே திரும்பிவிடுவதையும் மகள் கவனித்தாள். காற்று நல்ல காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காவலாளி மூலை திரும்பிப் பார்த்துவிட்டார்.

"ஏய்! யாருய்யா அது!"

ஆடுகள் ஓடின. மாமனாரும் ஓடினார். நான் அப்போது தெருமுனையில் நின்றிருந்தேன், ஆகவே இதற்குச் சாட்சி நானே. ஆடுகள் இரண்டாவதாகத்தான் வந்தன.

காவலாளி போய் முறைப்படி தெரிவித்தார். இயக்குநர் முழுவதையும் கேட்டார். முழங்கால் போன ஒரு முதியவர், மதிலிலிருந்து தெருமுனை வரைக்கும், ஆடுகளுக்கு முன்னால். புள்ளிவிவரக்காரர் ஆசையோடு பேனாவைத் திறந்தார். இயக்குநர் கையமர்த்தினார்.

"அனுமதி இல்லாம தின்னிருக்கார். அவர் ஓடினது ஆதாரம் ஆகாது."

மதிலடியில் அவர் விட்டுப்போன கைத்தடியைக் காவலாளி எடுத்து வந்து வாசல் அறையில் சாத்தி வைத்திருக்கிறார். வந்து வாங்கிக்கொள்ளும்படி நிறுவனத்திலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அப்பா வீட்ல இல்லையே" என்றாள். "நடக்கப் போயிருக்கார்."